ஸ்டென்ட் வைத்த பிறகும் ரத்தக்குழாய் அடைவது ஏன்? ஒளி சிகிச்சை என்ன ஆனது?

"ஸ்டென்ட் வச்சாச்சு, இனி பயமில்லை" என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மீண்டும் அடைப்பு வரலாம்.

ஏன் அப்படி?

பலூனை விரித்து ஸ்டென்ட்டைப் பொருத்தும்போது ரத்தக்குழாயின் உட்சுவரில் காயம் ஏற்படுகிறது. அது ஆறும்போது தசை செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்தால் பாதை மறுபடியும் குறுகிவிடும். மருந்து பூசாத பழைய உலோக ஸ்டென்ட்களில் ஐந்தில் ஒருவருக்காவது இந்தச் சிக்கல் வந்தது.

ஒளி எப்படி உதவும்?

ஒளி பட்டால் மட்டும் வேலை செய்யும் மருந்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். அது அடைப்புள்ள இடத்தில் சேர்ந்ததும், மெல்லிய ஒளியிழை வழியே அங்கு சிவப்பு ஒளி பாய்ச்சப்படும். தூண்டப்பட்ட மருந்து, ஆக்சிஜனின் துணையோடு தேவையற்ற செல்களை அழிக்கும்.

மோடெக்சாஃபின் லுடீசியம் என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில் நடந்த முதல்கட்ட மனிதப் பரிசோதனையின் முடிவுகள் 2003இல் வெளியாயின. அதே ஆண்டுதான் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் முதல்முறையாக அனுமதி கிடைத்தது. இதற்குத் தனியாக ஒளிக்கருவி எதுவும் வேண்டாம். ஸ்டென்ட்டே மருந்தைக் கசியவிடும். மருத்துவமனைகள் இந்தப் பக்கம் சாய்ந்தன. ஒளி சிகிச்சை இதய நோயாளிகளின் வழக்கமான சிகிச்சையாக மாறவே இல்லை.

இந்தியாவில் என்ன பிரச்னை?

இங்கே தடையாக நின்றது விலை. வழக்கறிஞர் பீரேந்தர் சங்வான் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், வரி நீங்கலாக, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன்பு மருந்து பூசியவை லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்றன. இந்த உச்சவரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். அறை, அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணங்களுக்கு அல்ல.

நோயாளி என்ன செய்யலாம்?

டெல்லி மந்திர் மார்க் பக்கத்தில் உள்ள ராம் மனோகர் லோகியா போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, தனியாருக்குப் போனாலும் சரி, எந்த வகை ஸ்டென்ட் என்று கேளுங்கள். ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் ஆகியவை பில்லில் தனியாக இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு.

இன்னொன்று ரொம்ப முக்கியம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். செல் வளர்ச்சியால் வரும் அடைப்புக்குப் பெரும்பாலும் மாதங்கள் பிடிக்கும். ரத்தக்கட்டியால் வரும் அடைப்போ நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும்.