கோடீஸ்வரர் போட்ட வரி

2022 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் மின்சார, எரிவாயுக் கட்டணங்களுக்கான உச்சவரம்பு ஒரே தாவலில் 54 சதவீதம் ஏறியது. சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டுக் கட்டணம் 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டு ஆனது. ஏப்ரல் 6 அன்று, சம்பளத்தில் பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுத் தொகை 1.25 சதவீதப் புள்ளி கூடியது. அந்த வாரம் முடிவதற்குள் ‘இண்டிபெண்டன்ட்’ ஒரு செய்தியைப் போட்டது. நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் மனைவி அக்‌ஷதா மூர்த்தி, வெளிநாட்டிலிருந்து தனக்குக் கிடைக்கும் வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டத் தேவையில்லாத ‘நான்-டாம்’ அந்தஸ்தில் இருக்கிறார் என்பதுதான் செய்தி.

இன்ஃபோசிஸ் நிறுவனத்தில் அவருக்கு ஏறத்தாழ 0.93 சதவீதப் பங்கு. கேட்பதற்குச் சின்ன எண்தான். அதன் மதிப்போ பல நூறு மில்லியன் பவுண்டு. முந்தைய ஆண்டில் அதிலிருந்து வந்த ஈவுத்தொகை மட்டும் சுமார் 1.16 கோடி பவுண்டு. இந்த அந்தஸ்தால் ஆண்டுக்கு 21 லட்சம் பவுண்டு வரை வரி மிச்சமாகியிருக்கலாம் என்று பிபிசி கணக்குப் போட்டது.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் வசித்தாலும் நிரந்தர வீடு வேறு நாட்டில்தான் என்று சொன்னவர்களுக்கு, வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவராத வரை அப்போது வரி இருக்கவில்லை. நீண்ட காலம் தங்கியவர்கள் ஆண்டுக் கட்டணமாகக் குறைந்தது 30,000 பவுண்டு செலுத்த வேண்டியிருந்தது. பேரரசுக் காலத்தில் கரும்புத் தோட்டங்களும் காலனிச் சொத்துகளும் வைத்திருந்தவர்களுக்குத் தோதாக உருவான ஏற்பாடு இது. வேர் 1799ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. காலனியாதிக்கம் தன் சீமான்களுக்கு வெட்டிய வாய்க்காலில், இரண்டு நூற்றாண்டு கழித்து பெங்களூர்ப் பணம் ஓடியதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால் அதில் குற்றமில்லை.

அக்‌ஷதா இந்தியக் குடிமகள், இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை, ஆகவே இந்த அந்தஸ்து என்பது அவர் தரப்பு சொன்ன விளக்கம். வரி வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. குடியுரிமை வேறு, வரிச் சட்டம் பேசும் நிரந்தர வசிப்பிடம் வேறு. தவிர, அந்தச் சலுகை தானாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை. வரிப் படிவத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டிருக்கிறார்கள். சர்ச்சை வெடித்த ஓரிரு நாளில், ஏப்ரல் 8 அன்று, இனி உலகளாவிய வருமானம் முழுவதுக்கும் பிரிட்டனில் வரி கட்டுவதாக அக்‌ஷதா அறிவித்தார். கணவரின் பொறுப்புக்கு இது இடைஞ்சலாவதை விரும்பவில்லை என்றார். அப்படியானால் 2020 பிப்ரவரியில் சுனக் நிதியமைச்சரான அன்றே அந்த இடைஞ்சல் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் வெளிவந்தது. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க உரிமை தரும் ‘கிரீன் கார்டு’ சுனக்கின் கையில் 2021 அக்டோபர் வரை இருந்திருக்கிறது. அதாவது பிரிட்டனின் கஜானாச் சாவியை வைத்திருந்தவர், முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இன்னொரு நாட்டின் வாசல் சாவியையும் கைவிடாமல் வைத்திருந்தார். ‘என்னை விசாரியுங்கள்’ என்று சுனக்கே கேட்டுக்கொண்டார். அமைச்சர்களின் நடத்தை விதிகளுக்கான ஆலோசகர் கைட் பிரபு விசாரித்து, விதிமீறல் இல்லை என்று ஏப்ரல் கடைசியில் சொன்னார். விதிப்படி அது சரியான தீர்ப்புதான். மக்களின் கோபத்துக்கு அது மருந்தாகவில்லை, அவ்வளவே.

சுனக்கின் செல்வம் அதற்கு முன் யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. சவுதாம்ப்டனில் மருத்துவருக்கும் மருந்துக்கடை நடத்தியவருக்கும் பிறந்தவர், வின்செஸ்டர் பள்ளியில் படித்தவர், கோல்ட்மேன் சாக்ஸில் வேலை பார்த்தவர், இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியின் மருமகன். இதெல்லாம் 2015இல் அவர் நாடாளுமன்றத்துக்குள் வந்தபோதே தெரிந்த சங்கதி. பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழக்கவிருந்தவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே கொடுத்தபோது அவருடைய மாமனார் சொத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுக்கிற கை எவ்வளவு கனமானது என்று யாரும் எடை பார்ப்பதில்லை. எடுக்கத் தொடங்கியதும்தான் தராசு வெளியே வருகிறது.

எடுக்கத் தொடங்கிய மாதம் 2021 அக்டோபர். ஏழைக் குடும்பங்களுக்கான ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகையில் தொற்றுக்காலத்தில் கூட்டிய வாரம் 20 பவுண்டு அப்போது நின்றது. 2022 மார்ச் 23 அன்று பெட்ரோல் வரியை லிட்டருக்கு 5 பென்ஸ் குறைத்த கையோடு, சுனக் லண்டனில் ஒரு செயின்ஸ்பரி பெட்ரோல் பங்க்குக்குப் படமெடுக்கப் போனார். அவர் பெட்ரோல் போட்ட கியா ரியோ, அங்கே வேலைபார்க்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிய வண்டி. உள்ளே போய் ஒரு கோக் டின்னுக்குப் பணம் கட்ட முயன்றபோது, வங்கி அட்டையைப் பட்டைக்குறியீடு வாசிக்கும் கருவியின் முன் நீட்டினார். கடைக்காரர் கையில் இருந்தது பணம் வாங்கும் கருவி அல்ல என்பது அவருக்குப் புரிய ஓரிரு வினாடி ஆயிற்று. அந்த ஓரிரு வினாடியைத்தான் நாடு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தது.

மே மாதம் ‘சண்டே டைம்ஸ்’ பணக்காரர் பட்டியலில் 73 கோடி பவுண்டுடன் இந்தத் தம்பதி 222ஆம் இடத்தில் வந்தார்கள். அந்த வேனிலில் பிரதமர் பதவிக்கான போட்டியின்போது, கட்டுமானம் நடக்கும் இடமொன்றுக்கு சுனக் போட்டுப்போன 490 பவுண்டு பிராடா காலணி தலைப்புச் செய்தியானது.

நேர்மையாகப் பார்த்தால் இந்த விவாதத்தில் இரண்டு அநியாயங்கள் நடந்தன. ஒன்று சுனக்குக்கு. அதே மே மாதம் 26 அன்று அவர் அறிவித்த திட்டம் உண்மையிலேயே ஏழைகள் பக்கம் சாய்ந்தது. உதவித்தொகையை நம்பி வாழும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 650 பவுண்டு, எல்லா வீடுகளுக்கும் எரிசக்திக் கட்டணத்தில் 400 பவுண்டு, அதற்கான பணத்தில் ஒரு பங்குக்காக எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் திடீர் லாபத்தின் மீது 25 சதவீத வரி. பணக்காரர் என்பதால் ஏழையின் அடுப்பு தெரியாது என்ற வாதம் இந்தத் திட்டத்தின் முன் நொண்டுகிறது.

இரண்டாவது அநியாயம் வாக்காளருக்கு. காலணியையும் கோக் டின்னையும் பேசிய பேச்சில், சுனக் போட்ட ஆகப்பெரிய வரி கண்ணில் படாமல் நழுவிவிட்டது. 2021 மார்ச் பட்ஜெட்டில் வருமான வரி வரம்புகளை 12,570 பவுண்டு, 50,270 பவுண்டு என்று நிறுத்திவைத்தார். விலைவாசியோடு ஏற வேண்டிய வரம்பு ஏறாமல் நின்றால், சம்பளம் பெயரளவுக்கு உயர்ந்தாலும் வரி கூடிவிடும். 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டு, 41 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனபோது, இந்தச் சத்தமில்லாத வரி எவ்வளவு வாரியிருக்கும் என்று ஊகிக்கலாம். முதலில் 2026 வரை என்றார்கள். பிறகு 2028 என்றார்கள். தொழிற்கட்சி அரசு இப்போது 2031 வரை நீட்டியிருக்கிறது. இதற்குப் படம் கிடையாது. வரம்பு நிற்பதை எந்தக் கேமராவும் எடுக்க முடியாது.

செல்வத்துக்கும் கொள்கைக்கும் உள்ள உறவைக் காட்ட உருப்படியான ஆவணம் ஒன்று உண்டென்றால், அது பிரதமரானபின் சுனக்கே வெளியிட்ட வரிக் கணக்குதான். 2022-23இல் அவருடைய வருமானமும் ஆதாயமும் சேர்ந்து 22 லட்சம் பவுண்டு. கட்டிய வரி 5,08,308 பவுண்டு. ஏறத்தாழ 23 சதவீதம். அன்று ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கினால் அந்த மேல்மிச்சத்துக்கு 45 சதவீத வரி. சுனக்கின் பணத்தில் பெரும்பகுதியான 18 லட்சம் முதலீட்டு ஆதாயம். அதற்கு 20 சதவீதம்தான். மருத்துவமனையில் இரவும் பகலும் நின்று சம்பாதிக்கும் மூத்த மருத்துவரின் கடைசிப் பவுண்டு, பிரதமரின் முதலீடு தூங்கிக்கொண்டே ஈட்டிய பவுண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டியது. இந்த விகிதத்தை அவர் உருவாக்கவில்லை. மாற்றும் அதிகாரம் இருந்தபோது மாற்றவும் இல்லை.

சொந்தப் பணமும் கொள்கையும் முட்டிக்கொள்ளும் இந்தக் குழியில் பணக்காரர்கள் மட்டும்தான் விழுவார்கள் என்று நினைத்த தொழிற்கட்சி, ஆட்சிக்கு வந்த சூட்டோடு தானும் விழுந்தது. 2024 ஜூலை கடைசியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், ஓய்வூதியர்களுக்குக் குளிர்காலத்தில் கொடுக்கும் 200 முதல் 300 பவுண்டு எரிபொருள் உதவியைப் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினார். சுமார் ஒரு கோடிப் பேர் இழந்தார்கள். செப்டம்பரில் பிரதமர் கியர் ஸ்டார்மரின் அன்பளிப்புக் கணக்கு பேச்சானது. வாகீத் அல்லி என்ற செல்வந்தப் பிரபு அவருக்கு 16,200 பவுண்டுக்கு உடுப்பும் 2,485 பவுண்டுக்கு மூக்குக்கண்ணாடிகளும் வாங்கிக் கொடுத்திருந்தார். எல்லாம் பதிவேட்டில் இருந்தவை, சட்டத்துக்குட்பட்டவை. சுனக் குடும்பத்தின் 73 கோடிக்கு முன்னால் இது சில்லறைக்காசு. ஆனால் ‘பாட்டியின் கணப்புக்கு 300 பவுண்டு இல்லை, பிரதமரின் கண்ணாடிக்கு 2,485 பவுண்டு இருக்கிறது’ என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பொருளாதாரப் படிப்பும் வேண்டாம். ஸ்டார்மர் 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட அன்பளிப்புகளுக்கான தொகையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூனில், வருமானம் 35,000 பவுண்டுக்குள் உள்ள ஓய்வூதியர்களுக்கு உதவித்தொகையும் திரும்பிவந்தது.

2025 செப்டம்பரில் துணைப் பிரதமரும் வீட்டுவசதி அமைச்சருமான ஏஞ்சலா ரெய்னர் பதவி விலகியது இன்னும் வேதனையான கதை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பராமரிப்புப் பணியாளராக இருந்து மேலே வந்தவர். ஹோவ் நகரில் வாங்கிய 8 லட்சம் பவுண்டு வீட்டுக்கு முத்திரை வரியில் 40,000 பவுண்டு குறைவாகக் கட்டியிருந்தார். நேர்மையாகவே நடந்துகொண்டார், ஆனால் நிபுணர் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும் என்று நடத்தை விதிகளுக்கான ஆலோசகர் லாரி மேக்னஸ் எழுதினார். வீட்டுவசதி அமைச்சரே வீட்டு வரியில் தவறியபின் அந்த ‘நேர்மை’ என்ற சொல் அவரைக் காப்பாற்றவில்லை.

வெளிப்படைத்தன்மை என்ற இடத்தில் பிரிட்டன் இந்தியாவிடம் கற்றுக்கொள்ளலாம். 2002இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, இங்கே வேட்பாளர் தன்னுடைய சொத்தோடு மனைவி அல்லது கணவரின் சொத்தையும் சார்ந்திருப்போர் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். எழுதுவது எவ்வளவு உண்மை என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் அமைச்சர்கள் குடும்பத்தினரின் நலன்களை அதிகாரிகளிடம் தெரிவித்தால் போதும். எது பொருத்தமானது என்று அவர்கள் கருதுகிறார்களோ அது மட்டும் வெளியே வரும். 2020இல் சுனக்கின் பட்டியலில் மனைவியின் சிறிய முதலீட்டு நிறுவனம் ஒன்றுதான் இருந்தது; இன்ஃபோசிஸ் பங்கு இல்லை.

2023 மார்ச் பட்ஜெட்டில் புதிதாகச் சேரும் குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கு 600 பவுண்டு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். முகமை வழியாகச் சேர்ந்தால் அது 1,200. அப்படிப்பட்ட முகமைகளில் ஒன்றான ‘கோரு கிட்ஸ்’ஸில் அக்‌ஷதாவுக்குப் பங்கு இருந்தது. நாடாளுமன்றக் குழுவில் ஒரு பெண் உறுப்பினர் நேரடியாகக் கேட்டபோது, எல்லாம் வழக்கமான முறையில் தெரிவிக்கப்பட்டிருக்கிறது என்றார் சுனக். ஆகஸ்டில் நாடாளுமன்ற நடத்தை ஆணையர், கவனக்குறைவால் விதி மீறப்பட்டது என்று முடித்துவைத்தார்.

நான்-டாம் ஏற்பாட்டை ஒழிப்பதாக 2024 மார்ச்சில் அறிவித்ததும் சுனக்கின் அரசுதான். 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பிரதமர்கள் வரிக் கணக்கை வெளியிடுவது மட்டும் இன்றுவரை அவரவர் விருப்பம். பனாமா ஆவணங்களில் தந்தையின் நிதியம் சிக்கியபின் 2016இல் டேவிட் கேமரன் வெளியிட்டார். சுனக் தன் வாக்குறுதிக்காக வெளியிட்டார். இனி வருபவர் மாட்டேன் என்றால், வெளியிடு என்று சொல்ல அங்கே எந்தச் சட்டமும் இல்லை.