மிச்சமா, இல்லாமையா? மாரிகுப்பத்து மீட்டரும் சேமிப்பின் இலக்கணமும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் முழுவதும் வாசித்துவிட்டுக் கருத்துரைக்க வேண்டுகிறேன். மொழியியல் படித்தவனுக்கு மின்கட்டண ரசீதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கும் இதற்குள் விடையுண்டு.

சென்ற சித்திரையில் மாரிகுப்பம் சென்றிருந்தேன். ஆயா வீடு பழைய லைன் வீடு. மேலே ஷீட்டுக் கூரை. பிற்பகலில் உள்ளே நிற்க முடியவில்லை. மின்விசிறி ஓடாமல் இருந்தது. மாதாந்திர ரசீதைப் பார்த்துவிட்டு, "என்ன ஆயா, இவ்வளவு கம்மியா இருக்கு, கரண்ட நல்லா மிச்சம் புடிக்கிற" என்றேன். வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த அவர் சொன்னது: "மிச்சமாவது ஒண்ணாவது. ஃபேனப் போட்டா நெருப்புக் காத்துதான் வருது கண்ணு. அதான் வெளியில குந்திக்கினு கீறேன்."

அந்த விடையிலிருந்துதான் இப்பதிவு பிறக்கிறது. குறைந்த மின்நுகர்வைச் 'சேமிப்பு' என்று நான் வாசித்தேன். ஆயா அதை 'இல்லாமை' என்று வாசித்தார். இருவர் கையிலும் இருந்தது ஒரே எண்.

வறிய குடும்பங்களின் வீடுகளை வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்றவாறு செப்பனிட்டுத் தரும் அரசுத் திட்டங்களில் உலகளவில் பெரிதும் ஆராயப்பட்டது அமெரிக்காவினுடையது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1976இல் தொடங்கப்பட்டது. கூரைக்கு வெப்பக்காப்பு இடுவது, சன்னல் இடுக்குகளை அடைப்பது, பழைய உலையை மாற்றுவது ஆகியன அதன் பணிகள். தகுதியுள்ள குடும்பத்துக்குச் செலவில்லை. இதன் பயனை மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் உல்ஃப்ரம் ஆகிய மூவரும் மிச்சிகன் மாநிலத்தில் 30,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். ஒரு பகுதிக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, விண்ணப்பிக்க ஊக்கமும் உதவியும் அளித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டனர். 2018இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகள் மூன்று. முதலாவது, ஆற்றல் நுகர்வு உண்மையிலேயே குறைந்தது. 10 முதல் 20 விழுக்காடு வரை. இரண்டாவது, பொறியியல் கணிப்பு முன்கூட்டிச் சொன்ன சேமிப்பு, உண்மையில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். செலவோ சேமிப்பின் மதிப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மூன்றாவது, 'சேமிப்பு குறைந்தாலென்ன, மக்கள் கதகதப்பாக வாழ்ந்திருப்பார்களே' என்ற சமாதானத்துக்கும் சான்று கிட்டவில்லை. செப்பனிட்ட வீடுகளின் உள்வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருக்கவில்லை.

ஜெர்மனியிலிருந்து வேறொரு செய்தி. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்நாட்டு வீடுகள் கணிக்கப்பட்டதைவிடச் சராசரியாக 30 விழுக்காடு குறைவான வெப்ப ஆற்றலையே பயன்படுத்தின. வீடு மோசமாக இருக்க இருக்க இந்த இடைவெளி கூடியது. அதாவது, ஒழுகும் வீட்டில் வாழ்பவர் கணிப்பு எதிர்பார்க்கும் அளவுக்கு எரிபொருளைச் செலவிடுவதே இல்லை. செலவிடாததை எங்ஙனம் சேமிப்பது?

இங்கேதான் என் துறை நினைவுக்கு வருகிறது. சேமிப்பு என்பது கண்ணால் காணக்கூடிய பொருளன்று. பயன்படுத்திய யூனிட்டை மீட்டர் காட்டும். பயன்படுத்தாத யூனிட்டை எந்தக் கருவியும் காட்டாது. அது தமிழிலக்கணம் சொல்லும் தொகை போன்றது. 'பொன்வளையல்' என்பதில் 'ஆல்' உருபும் இல்லை, 'ஆகிய' என்னும் பயனும் இல்லை. 'பொன்னாலாகிய வளையல்' என்று விரித்துப் பார்த்தே மறைந்திருப்பதை அறிகிறோம். விரிவு பிழைத்தால் பொருள் பிழைக்கும். வகுப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் 'புலிகொல் யானை'யை எண்ணிப் பாருங்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சொல் ஒன்று, செத்தது எது என்பது விரிப்பவர் கையில்.

குறைந்த மின்நுகர்வும் அப்படித்தான். வீடு வெயிலை வென்றதா, வெயில் வீட்டை வென்றதா? 'விசிறி போடவில்லை' என்பதற்கும் 'விசிறி போட முடியவில்லை' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழ் அறியும், மீட்டர் அறியாது.

மாரிகுப்பத்தில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து 1902இலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம் அது. ஆழச் சுரங்கங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியதால், காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தும் ஏற்பாடும் பின்னர் வந்தது; உழைப்பு நின்றுவிடக் கூடாதல்லவா. அதே தொழிலாளி ஷிப்டு முடிந்து திரும்பிய தகரக் கூரைக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. கூரைகள் நின்றன.

இன்று இவ்வூரின் உழைப்பாளிகள் பெரும்பாலோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். பகல் வெயிலை வீட்டிலிருந்து வாங்குபவர்கள் முதியவர்களும் குழந்தைகளும். ஆடிக் காற்றில் சைனைட் மேட்டுத் தூசி பறக்கும்போது சன்னல்களும் அடைபடுகின்றன. மிச்சிகனில் இடுக்கை அடைப்பது செப்பனிடல். மாரிகுப்பத்தில் அது ஏற்கெனவே நடந்துவிட்ட துன்பம். மார்கழியில் வெந்நீர் வைப்பது பல வீடுகளில் விறகடுப்பில். அந்தச் செலவும் மீட்டரில் ஏறாது.

இப்படியொரு வீட்டின் கூரைக்கு வெப்பத்தை எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறோம் என்று கொள்வோம். அறை சற்றுத் தணிகிறது. ஆயா மரத்தடியை விட்டு உள்ளே வருகிறார், விசிறியைப் போடுகிறார். மின்நுகர்வு கூடுகிறது! யூனிட்டை மட்டும் அளக்கும் ஆய்வாளர் 'சேமிப்பு இல்லை, திட்டம் தோல்வி' என்று எழுதுவார். கணிப்பை மட்டும் நம்பும் அதிகாரி, நடக்காத சேமிப்பை நடந்ததாக எழுதுவார். இரண்டு அறிக்கையிலும் ஆயா இல்லை.

நம் கொள்கைகளும் இதே குழப்பத்தில் உள்ளன. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி 2023 ஜூலை முதல் மாதம் 200 யூனிட் வரை கட்டணமின்றி வழங்குகிறது. வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டின் உரிமையும் அதன் 2022-23ஆம் ஆண்டுச் சராசரி நுகர்வோடு 10 விழுக்காடு கூட்டியே வரையறுக்கப்பட்டது. புழுங்கிக் கிடந்தவருக்கு அந்தப் புழுக்கமே உச்சவரம்பு. ஆற்றல் சிக்கன அமைவனம் 2018இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', வீட்டுச் சுவர்களின் வழி உட்புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு கட்டுகிறது. ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளுக்கே அது பொருந்தும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது; அதன் இலக்கு 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பு. பூசிய பரப்பு கணக்கில் வருகிறது. அதன் கீழே தணிந்த வெப்பம்?

'அப்படியானால் யூனிட் கணக்கை விட்டுவிடலாமே, மக்களின் நலமே போதும்' என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு நான் உடன்படவில்லை. மிச்சிகன் ஆய்வின் மூன்றாம் முடிவு அந்த வாயிலையும் அடைத்துவிட்டது. நலமும் அளந்து காட்டப்பட வேண்டியதே. அனுமானித்துக் கொள்ளத் தக்கதன்று. அளக்காத நலம், ஒப்பந்ததாரரின் வெள்ளைப் பூச்சுக்கு நற்சான்றிதழ் மட்டுமே. அங்கு பலர் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு வீட்டைச் சூடேற்றி வாழ்ந்திருக்கலாம். இங்கு அந்த நிலையே இல்லை என்று நான் கருதுகிறேன். ஆனால் என் கருத்தும் அளவைக்குக் கட்டுப்பட்டதே.

ஆகவே என் முன்மொழிவு எளியது. தங்கவயலின் லைன் வீடுகளுக்குக் கூரைத் திட்டம் எதுவும் வருமானால், பூச்சுக்கு முன்பே ஓராண்டு அளவெடுங்கள். சித்திரையும் மார்கழியும் அதில் வரட்டும். மீட்டரோடு அறை வெப்பமானியும் வையுங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே ஆண்டில் பணம் இராது. எந்த லைன் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். செல்வாக்குக்கும் இடமில்லை, காத்திருக்கும் லைன் ஒப்பீட்டுக்கும் உதவும். பகலில் எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் இருக்க முடிந்தது, இரவில் உறங்க முடிந்ததா என்று அவர்கள் பேசும் தமிழிலேயே கேளுங்கள். முடிவு எதுவாயினும் வெளியிடுங்கள். அகமதாபாதின் வன்சாரா வாஸ் குடியிருப்பில் இத்தகைய கூரைச் சோதனை அண்மையில் நடந்திருக்கிறது. இங்கு மட்டும் ஏன் இயலாது?

பொருளியல், கட்டடவியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சமன்பாட்டில் 'அடிப்படை நுகர்வு' என்று ஒரு நிரல் இருக்கும். அதை நிரப்புமுன் அந்த வீட்டுக்குள் நண்பகலில் ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். அந்த எண் விருப்பத்தால் வந்ததா, வழியில்லாமல் வந்ததா என்பது அப்போது தெரியும். தெரிந்த பிறகு அதைச் சேமிப்பு என்று எழுதக் கை வராது.

ஆயாவின் ரசீதை இப்போது என் ஆய்வேட்டுக் குறிப்புகளோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ள எண் சரியானதுதான். அதை எப்படி விரிப்பது என்பதில்தான் நான் பிழைத்தேன்.