லட்சுமியும் குரும்பாபேட்டும்

புதுச்சேரிப் பக்கம் பாகூரிலும் வில்லியனூரிலும் மாடில்லாத தெரு குறைவு, நாயில்லாத தெரு கிடையாது. நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம், மாட்டுக்கு மிஞ்சினால் இருபது. பையன் ஒன்றாம் வகுப்புப் போகையில் தூக்கி வந்த குட்டி, அவன் கல்லூரி முடிக்கும் முன்பே போய்விடும். தோப்பில் குழி வெட்டிப் புதைத்து, மேலே தென்னங்கன்று வைத்துவிட்டு அடுத்த குட்டிக்கு மனசைத் தேற்றிக்கொள்வார்கள். யானை விஷயம் வேறு. அது மனுஷனுக்கு ஈடாக வாழக்கூடியது, அறுபது வயசும் தாண்டும். இந்தக் கிராமங்களில் யாரும் யானை வளர்க்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரு யானை இருந்தது: புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி.

1990களின் நடுவில், ஐந்தாறு வயசுக் குட்டியாகக் கோயிலுக்கு வந்தவள். புது பைக் வாங்கினால் பூஜை போட, குழந்தைக்கு மொட்டையடித்த கையோடு, பொண்ணு பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என்று கிராமத்து ஜனங்களுக்கு அந்த வாசலுக்குப் போக ஆயிரம் காரணம். வாசலில் அருகம்புல் கட்டு வாங்கி நீட்டினால் தும்பிக்கை சுருட்டி வாய்க்குள் வைக்கும். காசு கொடுத்தால் அது பாகன் கைக்குப் போகும். பிறகு தலைமேல் ஒரு தட்டு. ஈர மூச்சும் கொஞ்சம் புழுதியும் முடியில் ஒட்டிக்கொள்ளும். காலில் வெள்ளிக் கொலுசு. தொண்ணூறுகளில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தத் தட்டுக்குப் பயந்து அழுத பிள்ளைகள், பிறகு தம் பிள்ளைகளைத் தூக்கி அதே தும்பிக்கையின் கீழ் நிறுத்தினார்கள்.

அன்புக்குக் குறைவே இல்லை. வாழைப்பழம், வெல்லம், சர்க்கரைப் பொங்கல் என்று வந்தவர்கள் எல்லாம் ஊட்டினார்கள். ஆனால் வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோ தீவனம் வேண்டும், அதில் பெரும்பங்கு புல்லும் தழையும். நாளெல்லாம் நடந்து மேயும் உடம்பு அது. சிமெண்டிலும் கருங்கல்லிலும் மணிக்கணக்காக நின்றால் உள்ளங்காலும் நகமும் புண்ணாகும். பெண் யானை சாதாரணமாகத் தாய், சித்தி, அக்காள், தங்கை என்று ஒரு கூட்டத்தோடு ஆயுசு முழுக்க இருப்பது. லட்சுமிக்குக் கூட்டம் என்றால் பக்தர் கூட்டம்தான். தமிழக அரசு 2003இல் முதுமலையில் தொடங்கி, பிறகு மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடத்திய கோயில் யானைகள் நல்வாழ்வு முகாமுக்கு அவளும் போய் வந்தாள். கோயிலுக்கு வந்தபின் தன் இனத்தை அவள் கண்ணால் பார்த்ததெல்லாம் அநேகமாக அந்த நாட்களில்தான்.

இந்தக் கோயில் வாசல் வாழ்க்கைக்கு மாற்று உள்ளூரிலேயே இருந்தது. வில்லியனூர் பக்கம் குரும்பாபேட்டில் காமராஜர் பெயரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாகூர்க்காரர்கள் வரை மாட்டையும் ஆட்டையும் வண்டி வைத்து ஏற்றி வரும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே ஊரில்தான், 1994இல் தொடங்கியது. மண் தரை, மர நிழல், கூப்பிடு தூரத்தில் மருத்துவர். விலங்கு நல அமைப்பான பீட்டாவின் முறையீடுகள், வனத்துறையின் நடவடிக்கை என்று நகர்ந்து, 2020 ஜூனில், கொரோனா காலத்தில், லட்சுமியை அந்த வேளாண் நிலைய வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊர் பொறுக்கவில்லை. “எங்க லட்சுமியை ஏன் கொண்டுபோனீங்க?” என்று பக்தர்கள் திரண்டார்கள். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய வீட்டுக் கலக்கம் அது. லட்சுமி திரும்பக் கோயிலுக்கே வந்தாள். ஊருக்கு நிம்மதி. யானைக்கு மறுபடியும் தார் ரோடு.

2022 நவம்பர் 30 காலை, வழக்கமான நடைப்பயிற்சியில் வீதியிலேயே சாய்ந்தாள். மாரடைப்பு என்றார்கள். வயசு 32 சொன்னார்கள், அதாவது யானை ஆயுசில் பாதி. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை கண் கலங்கினார், முதல்வர் ரங்கசாமி அஞ்சலி செலுத்தினார். ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்த ஊர்வலத்தில் கிராமத்து ஜனங்களும் இருந்தார்கள். வீட்டில் ஒருவர் போனால் அழுவதுபோலவே அழுதார்கள்.

குரும்பாபேட்டிலேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? அதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தரையும் நிழலும் வைத்தியமும் கிடைத்த ஒரு இடத்திலிருந்து அவளைத் திருப்பி அழைத்தது நம் பாசம்தான். அவள் தும்பிக்கை நம் தலைமேல் பட வேண்டும் என்பது நமக்கு முக்கியமாக இருந்தது. அவள் கால் எதன்மேல் படுகிறது என்பதை அவ்வளவாகப் பார்க்கவில்லை. கொல்லையில் அரை முழச் சங்கிலியில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற வீடுகளுக்கும் இது பொருந்தும்.

2023 தொடக்கத்தில், லலிதா என்ற யானையின் வழக்கில், கோயில்களும் தனியாரும் இனி யானை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதே சமயத்தில் திருச்சூர் அருகே இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில், 11 அடி உயர இயந்திர யானையைத் திருவிழாவுக்குக் கொண்டுவந்தது. ரப்பர் தும்பிக்கை தலையில் பட்டால் லட்சுமி தட்டியதுபோல இருக்காது, உண்மைதான். இருந்தாலும் விநாயகர் வாசலுக்கு இன்னொரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம். அதற்குச் செலவழிக்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தைக் குரும்பாபேட்டுக்கு வைத்தியத்துக்கு வரும் மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கலாம்.