மனிதனைக் கைமாற்றும் கற்பனை ஆட்டம்

கையில் காசு இல்லாதவனும் ஒரு கூடைப்பந்து அணிக்குச் சொந்தக்காரன் ஆகலாம் என்று ஆசை காட்டும் ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் நடந்து வருகிறது. அதற்கு ‘ஃபாண்டஸி’ என்று பெயர். கற்பனை அணி ஆட்டம் என்று நாம் சொல்லலாம். 1980இல் நியூயார்க்கில் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து உண்டாக்கிய பொழுதுபோக்கு, பின்னர் கூடைப்பந்தையும் பற்றிக்கொண்டது. இன்று அது பெரும் வியாபாரம்.

ஆட்டத்தின் விதி எளிது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகச் சேருகிறார்கள். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் நிஜமாக ஆடுகிறவர்களை, முறை வைத்து, ஆளுக்குப் பத்துப் பதின்மூன்று பேராகப் பொறுக்கிக் கொள்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் வியர்வை சிந்தி எடுக்கும் எண்ணிக்கைகள் வாரந்தோறும் கூட்டப்படும். பெரும்பாலும் ஒன்பது கணக்குகள்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பறித்த பந்து, தடுத்த வீச்சு, மூன்று புள்ளி வீச்சு, கூடையில் விழுந்த வீச்சின் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், எதிரியிடம் பறிகொடுத்த பந்து. ஒன்பதில் ஐந்தை வென்றவனுக்கு அந்த வாரம். ஆள் சரிப்படவில்லையா? இன்னொருவனிடம் தள்ளிவிட்டு வேறு ஆளை வாங்கிக் கொள்ளலாம்!

இதில் என்ன தவறு என்று வாலிபர்கள் கேட்கலாம். கணக்குப் போடுவதில் தவறில்லை. நாமும் போட்டுப் பார்ப்போம். பிறகு அந்தக் கணக்கு எதை மறைக்கிறது என்பதையும் பார்ப்போம்.

ஓர் அணியை எடைபோடுவோம்

2024-25 பருவத்தின் எண்களை வைத்து ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகெலும்பு ஐந்து பேர்: யானிஸ் ஆன்டெடோகூன்போ, ஸ்டெஃபன் கரி, ட்ரே யங், ரூடி கோபேர், டைசன் டேனியல்ஸ்.

பலம் என்ன? யானிஸ் ஆட்டத்துக்குச் சராசரி 30.4 புள்ளி, 11.9 ரீபவுண்ட். அவருடைய வீச்சில் நூற்றுக்கு அறுபது கூடையில் விழுந்தது. யங் 11.6 அசிஸ்ட், அந்தப் பருவத்தில் அவரே முதல்வர். டேனியல்ஸ் ஆட்டத்துக்கு மூன்று பந்தைப் பறித்தார். அதிலும் அவரே முதல்வர். கரி ஆட்டத்துக்கு நான்குக்கு மேல் மூன்று புள்ளி வீச்சு. கோபேரின் ரீபவுண்ட் 10.9.

பலவீனம் என்ன? ஃப்ரீ த்ரோ. யானிஸ் 61.7 சதவீதம், டேனியல்ஸ் அறுபதுக்கும் கீழே, கோபேர் 67 சொச்சம். கரி 93.3 சதவீதம் போட்டாலும் ஓட்டை அடைபடாது. யானிஸ் ஆட்டத்துக்குப் பத்து தடவைக்கு மேல் கோட்டில் நிற்கிறார். கரி நான்கு தடவைதான். இருவரையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 வீச்சில் பத்தரைதான் விழும். அதாவது எழுபது சதவீதம். இரண்டாவது பலவீனம், யங் ஆட்டத்துக்கு 4.7 பந்தைப் பறிகொடுத்தது. ஆக, இரண்டு கணக்குகள் தொடக்கத்திலேயே கைவிட்டுப் போனவை.

இந்த நிலையில் ‘நிபுணர்கள்’ சொல்லும் யோசனை ஒன்று உண்டு. ஃப்ரீ த்ரோவை எப்படியும் கைகழுவியாகிவிட்டது. அதில் சிறந்த கரி இந்த அணிக்கு வீண். அவரைக் கொடுத்து, ரீபவுண்டில் முதல்வரான சபோனிஸ் போன்ற ஒருவரை வாங்கு என்பார்கள். இது சரியா? சரியல்ல. கரி போனால் மூன்று புள்ளி வீச்சும் போய்விடும். கைவிட்ட கணக்கு மூன்றாகும். மீதி ஆறில் ஐந்தை ஒவ்வொரு வாரமும் வென்றாக வேண்டும்; ஒன்று சறுக்கினால் தாங்கும், இரண்டு சறுக்கினால் வாரமே போச்சு. ரீபவுண்டில் ஏற்கெனவே பலமாக இருக்கிற அணி, இன்னும் ரீபவுண்டை வாங்கிக் குவிப்பது, நெல் நிறைந்த குதிருக்கு மேலும் நெல் வாங்குவது போல. கரியை வைத்துக்கொள்வதே மேல். மாற்றியே தீரவேண்டுமானால், யங்கைக் கொடுத்து, பந்தைக் குறைவாகப் பறிகொடுக்கும் நல்ல அசிஸ்ட்காரர் ஒருவரைக் கேட்கலாம்.

அணியை எடைபோட்டாயிற்று. இப்போது நிறுத்தி யோசிப்போம். இந்த நான்கு பத்தியில் நாம் என்ன செய்தோம்? மாட்டுத் தாவணியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகனைப் போல் பேசினோம்! “கொடு”, “வாங்கு”, “வீண்” என்றோம். ஐந்து உழைப்பாளிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே வரவில்லை. சிறிது நேரம் கணக்குப் போட்ட நமக்கே இந்தப் புத்தி வருமென்றால், ஆண்டுக்கு ஆறு மாதம் நாள்தோறும் இதைச் செய்கிறவனுக்கு எந்தப் புத்தி வரும்?

முதலாளியின் புத்தி வரும். சொத்து அவனுக்கு வராது. புத்தி மட்டும் வரும். இதுதான் நம் குற்றச்சாட்டு.

கணக்கில் ஏறாத உழைப்பு

கோபேரையே பாருங்கள். ஆட்டத்துக்கு 1.4 வீச்சைத் தடுத்தார் என்கிறது ஏடு. ஆனால் 2018, 2019, 2021, 2024 என நான்கு முறை சிறந்த தற்காப்பாளர் பட்டம் பெற்றவர் அவர். அவர் கூடையடியில் நிற்பதைப் பார்த்து, வீச வந்தவன் வீசாமலே திரும்புகிறானே, அது எந்தக் கட்டத்தில் ஏறுகிறது? கூட்டாளிக்கு வழிவிட எதிரியை மறித்து நின்று நெஞ்சில் இடி வாங்குகிறானே ஒருவன், அதற்கு என்ன எண்? ஒன்பது கணக்கிலும் அதற்கு இடமில்லை. எது எண்ணப்படும் என்பதை உழைக்கிறவன் தீர்மானிப்பதில்லை என்பது ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சம்பவம். விக்டர் வெம்பன்யாமா என்ற பிரெஞ்சு இளைஞர், வயது 21, அதே பருவத்தில் ஆட்டத்துக்கு 3.8 வீச்சைத் தடுத்தார். கற்பனை அணிக்காரர்களுக்கு அவர் தங்கச் சுரங்கம். 2025 பிப்ரவரியில் அவருடைய வலது தோளில் இரத்தக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பருவம் முழுதும் ஆட முடியாது என்று அறிவித்தார்கள். இது விளையாட்டல்ல. கிறிஸ் பாஷ் என்ற பெரிய ஆட்டக்காரரின் ஆட்ட வாழ்வு 2016இல் முடிந்ததே இரத்தக் கட்டியால்தான். ஆனால் கற்பனை அணிக்காரனுக்கு ஆட்டவிதி கற்றுத்தந்திருக்கும் முதல் கேள்வி என்ன? ‘அவருக்குப் பதில் யாரை எடுப்பது?’ என்பதுதான். அந்தப் பையன் பிழைப்பானா என்பது இரண்டாவது கேள்வி. கெட்டவர்கள் என்பதால் அல்ல. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கணக்கேடு அப்படி.

முதல் முக்கனியின் கதை

புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்தும் அதற்கு மேலும் எடுப்பதை ‘ட்ரிபிள் டபுள்’ என்பார்கள். கற்பனை அணிக்காரர்களுக்கு அது முக்கனி. 2024-25இல் நிகோலா யோகிச் பருவம் முழுவதற்குமான சராசரியிலேயே அதைச் சாதித்தார்: 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். அவருக்கு முன் அதைச் சாதித்தவர்கள் இருவரே. முதல்வர் ஆஸ்கர் ராபர்ட்சன். 1961-62இல் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட்.

இந்த எண்கள் எல்லா ஏட்டிலும் இருக்கின்றன. ராபர்ட்சன் யார் என்பது அந்தக் கட்டங்களில் இல்லை. நாம் சொல்கிறோம்.

இன ஒதுக்கல் நிலவிய இண்டியானாபொலிஸ் நகரில் வறுமையில் வளர்ந்த கறுப்பினத்தவர் அவர். அவர் தொழிலுக்கு வந்த 1960இல் ஆட்டக்காரனின் நிலை என்ன? எந்த அணி பொறுக்கியதோ அந்த அணிக்கே ஆட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் பிடி விடாது. அணி முதலாளி விற்றால் போக வேண்டும். விற்காவிட்டால் இருக்க வேண்டும். பாப் கூசி 1954இல் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கத்தை முதலாளிகள் ஆண்டுக்கணக்கில் மதிக்கவேயில்லை.

1964 ஜனவரி 14. பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் சிறப்பு ஆட்டம். தொலைக்காட்சியில் நாடே காத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை! ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால்தான் ஆடுவோம் என்றார்கள். அப்போது சங்கத் தலைவர் டாம் ஹைன்சோன். மிரட்டிப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. கடைசியில் என்.பி.ஏ. தலைமை அதிகாரி வால்டர் கென்னடி வாக்குறுதி கொடுத்தார். பிறகுதான் பந்து எழும்பியது. அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரர் ராபர்ட்சன்: 26 புள்ளி, 14 ரீபவுண்ட், 8 அசிஸ்ட். அன்றைக்கு அவர்கள் வென்றெடுத்த ஓய்வூதியம் ஒன்பதில் எந்தக் கட்டத்தில் சேரும்?

1965இல் ராபர்ட்சன் சங்கத் தலைவரானார். 1970இல் அவர் பெயரிலேயே வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஆளைக் கட்டிவைக்கும் முறை ஒழிய வேண்டும் என்பது கோரிக்கைகளில் முக்கியமானது. ஆறாண்டுகள் இழுத்தடித்து 1976இல் சமரசமாயிற்று, கட்டு தளர்ந்தது. முழுச் சுதந்திரத்தோடு தனக்குப் பிடித்த அணிக்குப் போகும் உரிமை 1988இல்தான் வந்தது. அன்று அந்த உரிமையைப் பயன்படுத்திய முதல் ஆள் டாம் சேம்பர்ஸ். முக்கனியை முதலில் பறித்தவரே, மனிதனைப் பண்டமாகக் கைமாற்றும் முறையை எதிர்த்து முன்னணியில் நின்றார். அவருடைய எண்களைக் கொண்டாடிக்கொண்டே, அவர் எதிர்த்த முறையை வாலிபர்களுக்கு விளையாட்டாகப் பழக்குகிறார்களே, இதைவிட வேடிக்கை உண்டா?

கைமாற்று இன்றும் நிற்கவில்லை

அதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு புதுக்கதை. 2024இல் டல்லாஸ் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர் லூகா டான்சிச். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு நள்ளிரவில், அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியது டல்லாஸ். இருவரையும் கேட்டுச் செய்த வியாபாரம் அல்ல. என் சம்மதமின்றி என்னை மாற்றக்கூடாது என்ற பாதுகாப்பு, அந்தப் பருவத்தில் என்.பி.ஏ. முழுவதிலும் லெப்ரான் ஜேம்ஸ், பிராட்லி பீல் என்ற இரண்டே பேரின் ஒப்பந்தத்தில்தான் இருந்தது. ‘ஓனர்’ என்ற சொல் காதுக்கு நன்றாயில்லை என்று அதை விட்டுவிட்டு ‘கவர்னர்’ என்று சொல்வதாக 2019இல் என்.பி.ஏ. தலைவர் ஆடம் சில்வர் சொன்னார். பெயர் மாறியது. பேரம் மாறவில்லை.

“அவர்கள் கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்களுக்காகப் பாட்டாளிப் பத்திரிகை கண்ணீர் விடலாமா?” என்று சிலர் கேலி பேசலாம். நாம் கண்ணீர் விடவில்லை. கோடி வாங்குகிறவன் ஆலைத் தொழிலாளி அல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் ஆடாமல் வாங்குகிறவன் யார் என்றும் பார்க்க வேண்டாமா? 2025இல் பாஸ்டன் அணியை 610 கோடி டாலருக்கு விலை பேசினார்கள். அந்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை 1000 கோடி டாலர் மதிப்பில் விற்க ஒப்பந்தமாயிற்று. விற்றவர்கள் ஒரு பந்தையாவது எறிந்தார்களா? 2011இல் இவர்கள் என்ன செய்தார்கள்? கதவடைப்பு! 161 நாள் பூட்டு. 82 ஆட்டப் பருவம் 66 ஆகச் சுருங்கியது. வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த ஆட்டக்காரர் பங்கைப் பாதியளவுக்கு இறக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். சம்பளம் பெரிதாக இருக்கலாம், பூட்டு ஒன்றேதான்.

எண்ணின் மேல் சூதாட்டம்

பொழுதுபோக்காக இருந்ததைப் பணமாக்கியவர்கள் கதையும் உண்டு. 2006இல் அமெரிக்கா இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போகும் வழியை அடைக்கச் சட்டம் போட்டபோது, கற்பனை அணி ஆட்டத்துக்கு விலக்கு வைத்தது. அந்த இடுக்கில் 2009இல் ஃபான்டூயல், 2012இல் டிராஃப்ட்கிங்ஸ் என்ற கம்பெனிகள் முளைத்தன. 2014இல் என்.பி.ஏ.யே ஃபான்டூயலில் பங்கு வாங்கியது! 2018இல் சுப்ரீம் கோர்ட் தடையை ரத்து செய்ததும், விளையாட்டுப் பந்தயம் மாநிலம் மாநிலமாகத் திறந்துவிடப்பட்டது. முழு ஆட்டத்தின் மேல் மட்டுமல்ல; ஒரு ஆள் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் எடுப்பான் என்பதன் மேலும் பந்தயம். அதாவது, கற்பனை அணிக்காரன் பழகிய அதே எண்கள்.

விளைவு? டொரண்டோ அணியில் கடைநிலை ஒப்பந்தத்தில் ஆடிய ஜான்டே போர்ட்டர், சூதாட்டக் கடனில் சிக்கினார். 2024 ஜனவரியிலும் மார்ச்சிலும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி இரண்டு ஆட்டங்களில் சீக்கிரமே வெளியேறினார். அவருடைய எண் குறையும் என்று பந்தயம் கட்டியவர்களுக்காகச் செய்த காரியம் அது. ஏப்ரலில் வாழ்நாள் தடை. ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் செய்தது குற்றமே. ஆனால் பந்தயக் கடையோடு கூட்டு வைத்தவர்களே தண்டனையும் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் சொல்வது

நண்பர்கள் கூடி, காசு வைக்காமல், அணி சேர்த்துப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆட்டத்தை ஊன்றிப் பார்க்க அது உதவவும் கூடும். ஆனால் ஒன்பது கணக்கோடு பத்தாவது கணக்கு ஒன்றையும் வாலிபர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்: அந்த மனிதனைக் கேட்டார்களா?

ஒருவன் அடிபட்டு விழுந்தால், பதில் ஆளைத் தேடுமுன் அவன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். ஒருவன் கைமாற்றப்பட்டால், யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்க்குமுன் அவன் சம்மதித்தானா என்று கேளுங்கள். மீண்டும் ஒரு கதவடைப்பு வந்தால், உங்கள் கற்பனை அணி கெட்டுப்போயிற்றே என்று ஆட்டக்காரர்கள்மேல் பாயாதீர்கள்; பூட்டுப் போட்டவன் யார் என்று பாருங்கள்.

கற்பனையில் முதலாளியாக இருந்து பழகியவன், நிஜத்தில் தன் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் ஏறும் நாளில் என்ன செய்வான்? அந்தப் பட்டியலைப் போடுகிறவனும் இப்படித்தான் சில எண்களை மட்டும் பார்த்து, “இவன் வீண்” என்று எழுதுகிறான். அன்றைக்குக் கைகொடுப்பது கணக்கேடு அல்ல. 1964இல் பாஸ்டனில் அறையை விட்டு வெளியே வராமல் ஒன்றாக நின்றார்களே, அந்த ஒற்றுமைதான்!