சிக்கிய காற்றுத் துப்பாக்கி

காற்றுத் துப்பாக்கி சிக்கிக்கொண்டதும் திருகாணியைத் தேடும் நேயர்களுக்கு நாம் ஒன்று சொல்ல வேண்டும். அதில் வெடிமருந்து இல்லைதான். ஆனால் சுருள்வில் இருக்கிறது. குழாயை மடக்கினால் பிஸ்டன் பின்னே சென்று வில்லை நெருக்குகிறது. ஒரு சிறு கொக்கியே அதைத் தடுத்து நிறுத்துகிறது. இந்நிலையில் சிக்கியிருந்தால் கழற்றவே கூடாது. கொக்கி நழுவினால் குழாய் சடாரென மூடி விரலை நசுக்கிவிடும். பழுது பார்க்கத் தெரிந்த தொழிலாளியிடம் கொடுப்பதே உத்தமம்.

வில் நெருங்காமல், ஈயரவை மட்டும் குழாயில் அடைத்திருந்தால் பித்தளைக் கோலால் தள்ளினாலே போதும். வீண் சிரமம் எதற்கு?

உள்ளேயும் பார்த்தாக வேண்டுமென்றால், மடக்காத துப்பாக்கியிலும் வில் ஓரளவு இறுகியே இருப்பதை மறக்கலாகாது. பின்மூடியை வெறுங்கையால் எடுத்தால் அது முகத்தில் பாயும். இரு முனைகளையும் நெருக்கும் நீண்ட திருகுப்பிடியில் பொருத்தி, மூடியை விடுவித்தபின் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். வெளிவரும் வில்லின் நீளம் சற்றே திகைக்க வைக்கும்.