சென்னையை விடப் பக்கம் தாஷ்கண்ட்!
டெல்லி விமானம் நின்றது ஏன்?

டெல்லியில் இருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு எவ்வளவு? சுமார் 1,580 கிலோமீட்டர்தான். ஆமாங்க, டெல்லிக்காரருக்கு நம்ம ஊரைவிட அந்த வெளிநாட்டு ஊர் பக்கம்! விமானம் நேராகப் பறந்தால் சுமார் 3 மணி நேரம்.

அந்தப் பக்கத்து ஊருக்குப் போக முடியாது என்று 2025 ஏப்ரல் கடைசியில் இண்டிகோ கம்பெனி கையை விரித்தது. தாஷ்கண்ட், அல்மாட்டி இரண்டு சர்வீசும் ரத்து. அங்கே மருத்துவம் படிக்கும் நம் நாட்டுப் பிள்ளைகளும், வியாபாரிகளும் வேறு கம்பெனி டிக்கெட் தேட வேண்டியதாயிற்று.

காரணம், குறுக்கே இருக்கும் பாகிஸ்தான். பகல்காம் படுகொலை நடந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 24-ந்தேதி, இந்திய விமானங்கள் தன் வானத்தில் பறக்க அந்நாடு தடை போட்டது. 30-ந்தேதி இந்தியாவும் பதிலடியாகத் தடை போட்டது. பிறகு மாதாமாதம் நீட்டிப்புதான்.

எப்படிச் சுற்றுவது?

கிண்டியில் இருந்து தாம்பரம் போகிறோம். பல்லாவரத்தில் ரோட்டை அடைத்துவிட்டால்? வேளச்சேரி, மேடவாக்கம் என்று சுற்ற வேண்டியதுதான். விமானத்துக்கும் அதே கதி. குஜராத் போய், அரபிக்கடலில் இறங்கி, ஈரான் வழியாக வடக்கே ஏற வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கு மேல்! இவ்வளவு தூரம் தங்கள் விமானங்களுக்கு எட்டாது என்பது கம்பெனி சொன்ன விளக்கம்.

சரி, கிழக்கே திபெத் பக்கம் போகக் கூடாதா? அது சாமானியக் காரியம் இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், விமானி உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே மலையே அதைவிட உயரம்!

இது புதுசும் அல்ல. 2019-ல் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு, பிப்ரவரி முதல் ஜூலை வரை இதே வழி அடைபட்டது. அப்போது ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மந்திரி ஹர்தீப் சிங் பூரி ராஜ்யசபையில் சொன்னார். 2025-ல் அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில, வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. டிக்கெட் எடுத்தவருக்குப் பணமும் போச்சு, தூக்கமும் போச்சு.

தடை போட்டவருக்கு மட்டும் லாபமா? ஒரு நாட்டு வானத்தைக் கடக்கும் விமானம் அந்த நாட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வகையில் ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை பாகிஸ்தானுக்கு அதன் பணத்தில் 410 கோடி ரூபாய் வரவு குறைந்தது. இதை அந்நாட்டு ராணுவ அமைச்சகமே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது.

இந்தத் தாஷ்கண்டில்தான் 1966 ஜனவரி 10-ந்தேதி லால் பகதூர் சாஸ்திரியும் அயூப்கானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.