கடவுச்சீட்டில் எழுதிய பொய்



திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிறது மூதூர். அந்த ஊர் ஏழை வீட்டுப் பிள்ளை ரிசானா நபீக், 2005 மே மாதம் வீட்டுவேலைக்காகச் சவூதி அரேபியா போனார். அவர் பிறந்தது 1988 இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. 17 வயதுப் பிள்ளையை 23 வயதுப் பெண்ணாக்கி அனுப்பிவிட்டார்கள். போன சில வாரங்களில், அவர் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். 2007 இல் மரண தண்டனை விதித்தார்கள். அவர் சிறுமி என்று இங்கிருந்து எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பயனில்லை. கடவுச்சீட்டில் எழுதிய வயதே நிலைத்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருடைய தலை வெட்டப்பட்டது. பத்திரங்களில் பொய் எழுதிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் கொடுத்தது இரண்டு வருடச் சிறை.

பொய்யை எழுதுகிறவர் ஒருவர், அதைச் சுமந்துகொண்டு அந்நிய நாட்டில் நிற்பவர் இன்னொருவர். இந்த ஒன்றை மனதில் வையுங்கள்.

தாள் என்றாலே நம் மக்களுக்குப் பயம். அது நியாயமான பயம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தாள் இல்லை என்று சொல்லித்தான் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. இன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று எத்தனை குடும்பங்கள்! மலையகத் தோட்டங்களிலும் அப்படித்தான், அங்கிருந்து வந்து அன்புவழிபுரம் பக்கம் குடியேறிய வீடுகளிலும் அப்படித்தான். “அதை நான் சரிக்கட்டித் தருகிறேன்” என்று சப் ஏஜன்ட் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். பிழையான தாளைப் பதிவாளர் அலுவலகத்தில் திருத்தலாம். நாள் எடுக்கும், அலைச்சலும் உண்டு. ஆனால் அது நம்முடைய உண்மையான தாளாக இருக்கும்.

இன்று ஆள் பிடிப்பவர்கள் வரும் வழிகள் சில.

முதலாவது, விசிட் விசா. “இப்போது இதில் போ, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றலாம்” என்பார்கள். 2022 நவம்பரில் ஓமானிலிருந்து வந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப் போன நம் நாட்டுப் பெண்கள் அங்கே கைமாற்றி விற்கப்பட்டார்கள் என்று குற்றப்புலனாய்வுத் துறை விசாரித்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. விசா முடிந்த மறுநாள் அந்த நாட்டுச் சட்டத்தில் அவரே குற்றவாளி.

இரண்டாவது, பிள்ளையை மறைப்பது. ரிசானாவின் சாவுக்குப் பிறகு அரசு வயதெல்லையை உயர்த்தியது. குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரைத் தடுத்தது. 2022 இல்தான் இவை தளர்ந்தன. வீட்டில் சோறு இல்லாத தாயைத் தடை நிறுத்தவில்லை. பிள்ளையே இல்லை என்று எழுதவைத்து, அதற்கும் காசு வாங்கினான் ஏஜன்ட்.

மூன்றாவது, கனடா, லண்டன் விசா. போலி வங்கிக் கணக்கு, போலி வேலைக் கடிதம். பிடிபட்டால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவருக்கே கனடா 5 வருடமும் பிரித்தானியா 10 வருடமும் கதவை மூடும். ஏஜன்ட் அடுத்த லயத்துக்குப் போய்விடுவான்.

நான்காவது, படகு. 2022 நவம்பரில் தெற்குச் சீனக் கடலில் தத்தளித்த ஒரு கப்பலிலிருந்து நம் நாட்டவர் 300 க்கும் மேற்பட்டோரை மீட்டு வியட்நாமில் இறக்கினார்கள். கனடா என்று நம்பி ஏறியவர்கள் அவர்கள். படகில் வருவோரைக் குடியேற விடுவதில்லை என்று அவுஸ்திரேலியாவும் 2013 முதல் சொல்லி வருகிறது. இங்கே, 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்படி களவாக நாட்டை விட்டுப் போனால் 5 வருடம் வரை சிறையும் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். பயணிகள் பெரும்பாலும் தண்டம் கட்டி வெளியே வருகிறார்கள். ஆனால் நகையை அடகு வைத்து எடுத்த கடனை எந்த நீதிமன்றமும் தள்ளுபடி செய்யாது.

போகாதீர்கள் என்று சொல்ல இந்தச் சங்கத்துக்கு உரிமை இல்லை. நாட்சம்பளம் போதுமாக இருந்தால் யாரும் பால் குடிக்கும் பிள்ளையை விட்டுப் போகமாட்டார்கள். அந்தச் சம்பளத்துக்கான போராட்டம் எங்கள் கடமை. ஆனால் போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும்.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். ஏஜன்ட் ஊர்க்காரராக இருக்கலாம், மாமன் மச்சானாகவும் இருக்கலாம். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த ஏஜென்சியும் அந்த வேலையும் பதிவில் உண்டா என்று விசாரியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. “நானும்தானே கையெழுத்துப் போட்டேன், முறைப்பாடு செய்தால் என்னைப் பிடிப்பார்கள்” என்ற பயத்தில்தான் ஏஜன்ட் பிழைக்கிறான். ஆட்களை ஏமாற்றிக் கொண்டுபோய்ச் சுரண்டுவது, 2006 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 360சி பிரிவின்படி 2 முதல் 20 வருடம் வரை சிறைக்குரிய ஆட்கடத்தல். அதில் குற்றவாளி கடத்தியவன், கடத்தப்பட்டவர் அல்ல.

அந்தக் காலத்தில் கங்காணியின் துண்டில் நம்மவர் கடன் எழுதப்பட்டது. கடனோடு ஆளும் கைமாறினார். அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. இன்று அதே துண்டு விசா என்ற பெயரில் லயத்து வாசலுக்கு வருகிறது. கையெழுத்துப் போடுமுன், காசு கொடுக்குமுன், அந்தத் தாளைத் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கிளைக் காரியாலயத்திலோ ஒருமுறை காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூதூரில் அந்தப் பிள்ளையின் கடவுச்சீட்டை அன்றைக்கு ஒருவர் வாசித்துப் பார்த்திருந்தால் போதும்.